மூலக்கூறுகளின் பேரேடு



மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், மாந்தை மேற்குப் பிரிவைச் சேர்ந்த ஊர்களுள் பெரியமடுவும் ஒன்று. வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வறண்ட வலயம் அது. வேம்பு, பாலை, விடத்தல், நொச்சி, ஆவரசு என்று அப்பக்கத்து மரஞ்செடிகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். மேற்கே கரையை நெருங்கினால் விடத்தல்தீவு; முள்மரமாகிய விடத்தலின் பெயர் அவ்வூர்ப் பெயரிலேயே ஒலிக்கின்றது. இந்த மரஞ்செடிகள் யாவும் ஓயாத இரசாயனச் சாலைகள். மண்ணிலிருந்து நீரையும் காற்றிலிருந்து காபனையும் எடுத்து, மனிதன் தன் ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்கில் முயன்றாலும் எளிதில் சமைக்க முடியாத பொருள்களை இலையிலும் பட்டையிலும் வேரிலும் வித்திலும் சமைத்து வைக்கின்றன.

இப்பொருள்களுக்கு இக்காலத்தில் ஒரு பேரேடு உண்டு. மருந்து தேடும் ஆராய்ச்சியாளர், செடியை அரைத்துக் கண்ணாடிக் குடுவையில் இடுவதற்கு முன்னரே, கணினியில் உள்ள அந்தப் பேரேட்டை விரித்து வைத்துக்கொள்கின்றார். எந்தப் பொருளைச் சோதிப்பது, எதைத் தள்ளுவது என்னும் முதல் தீர்ப்பு அங்கேயே நடந்துவிடுகின்றது. பெரியமடுக் காட்டில் நிற்கும் ஒரு செடி அந்தப் பேரேட்டில் எவ்வாறு ஒரு வரியாகின்றது, அந்த வரி பிழைபட்டால் என்ன நேரும் என்பனவற்றையே இன்று பேச எண்ணுகின்றேன்.

கூட்டுறவுச் சங்கக் கடையின் இருப்புப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பண்டத்திற்கும் ஒரு நிரை. பண்டத்தின் பெயர், நிறை, விலை, வந்த திகதி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிரல். கணினியிலே இதனை விரிதாள் என்கின்றோம். மூலக்கூற்றுப் பேரேடும் அப்படிப்பட்ட ஒரு விரிதாள்தான். ஒரு பொருளுக்கு ஒரு நிரை. மூலக்கூற்று நிறை, நீரில் கரையும் இயல்பு, எண்ணெயில் கரையும் இயல்பு, கிடைக்கும் தாவரம் ஆகியவை நிரல்கள். ஆயினும் கடைப் புத்தகத்தில் இல்லாத ஒரு நிரல் இங்கே உண்டு. அந்த நிரலின் ஒவ்வொரு கலத்திலும் அப்பொருளின் கட்டமைப்பே, அதாவது எந்த அணு எந்த அணுவோடு பிணைந்திருக்கின்றது என்னும் படமே, அமர்ந்திருக்கும்.

அது வெறும் படமாக இருந்தால் பயனில்லை. சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக் கணினி கணக்குச் செய்ய இயலாது. ஆகவே மென்பொருள் படத்தை எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்கின்றது. இதற்கெனப் பெரிதும் வழங்கும் முறைகளுள் ஒன்றை டேவிட் வைனிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் வெளியிட்டார். அதற்கு ஸ்மைல்ஸ் என்று பெயர். புன்னகை என்று பொருள்படும் பெயர்தான். படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் புன்னகை வருவதில்லை என்பது வேறு. எனினும் அதன் அடிப்படை எளிது. காபனுக்குச் சி, ஒட்சிசனுக்கு ஓ. ஐதரசனை எழுதுவதே இல்லை; அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும்.

கள்ளில் உள்ள அற்ககோலாகிய எதனோலை எடுத்துக்கொள்வோம். இரண்டு காபன், ஒரு ஒட்சிசன். இதனை இம்முறையில் "சி சி ஓ" என்று எழுதுவர். இப்பொழுது ஒட்சிசனை நடுவில் வைத்துப் பாருங்கள்: "சி ஓ சி". அதே இரண்டு காபன், அதே ஒரு ஒட்சிசன், மறைந்திருக்கும் ஐதரசனும் அதே ஆறு. நிறுத்தால் நிறையும் ஒன்றே. ஆனால் இது கள் அன்று. இருமெதையில் ஈதர் என்னும் வாயு. எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். இந்த ஈதரோ பூச்சியத்திற்குக் கீழே 24 பாகையிலேயே கொதித்துவிடும். ஓர் எழுத்து இடம் மாறியதால் திரவம் வாயுவாயிற்று. "ஓ சி சி" என்று எழுதினால்? அது மறுபுறத்திலிருந்து படித்த எதனோலேயன்றி வேறன்று. ஆனால் எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு "சி சி ஓ" வேறு, "ஓ சி சி" வேறு. ஒரே பொருள் இரண்டு நிரைகளில் இரண்டு பொருள்களைப் போல உட்கார்ந்துவிடும். இதனைத் தடுக்கவே, எந்தப் புறத்திலிருந்து தொடங்கினாலும் முடிவில் ஒரே எழுத்துத் தொடராக்கும் விதிகளை மென்பொருள்கள் கையாளுகின்றன.

2005இல் சருவதேச இரசாயன ஒன்றியத்தின் சார்பில் இன்னொரு குறியீட்டு முறையும் வெளிவந்தது. அதன் பெயரை உச்சரித்தால் நம் செவிக்கு "இஞ்சி" என்றே படும். அதிலிருந்து பெறும் சுருக்கக் குறியில் 25 ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதற் பதினான்கும் அணுக்கள் பிணைந்த முறையைக் குறிக்கும். அடுத்து வருவன, அப்பொருள் வலக்கை வடிவா இடக்கை வடிவா என்பது போன்ற நுட்பங்களைக் குறிக்கும். இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

மூலக்கூறு என்பது தாளில் தட்டையாகக் கிடப்பதன்று. மன்னார்க் கரையில் உள்ளவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மீன்வலையைச் சுருட்டி வைக்கலாம், விரித்துப் போடலாம், கம்பத்தில் தொங்கவிடலாம். எப்படிப் போட்டாலும் எந்த நூல் எந்த முடிச்சில் சேர்கின்றது என்பது மாறுவதில்லை. மூலக்கூற்றிலும் அப்படியே. பிணைப்புகள் முடிச்சுகள், அவை மாறா. ஆனால் அது மடிந்தும் முறுகியும் பல உருவம் கொள்ளும். விரிதாளில் எழுதியிருப்பது முடிச்சுக் கணக்கு. மூலக்கூற்று மாதிரியாக்கும் மென்பொருள் அம்முடிச்சுக் கணக்கிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டி, குறைந்த சக்தியோடு அமையும் நிலையைத் தேடி, பின்னர் நோய்க்குக் காரணமான ஒரு புரதத்தின் குழிவில் அது பொருந்துகின்றதா என்று வைத்துப் பார்க்கின்றது. பொருந்தும் அளவை ஓர் எண்ணாக்கிப் புதிய நிரலில் எழுதுகின்றது. பதினாயிரம் நிரை இருந்தால் பதினாயிரம் எண். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, முதலில் நிற்கும் சிலவற்றையே ஆய்வுகூடத்திற்கு அனுப்புவர். ஆகையால், முடிச்சுக் கணக்கில் ஒரு பிழை இருந்தால் அது உருவத்திலும், பொருத்தத்திலும், எண்ணிலும், வரிசையிலும் தொடர்ந்து போகும். கணினி ஓரிடத்திலும் தடுக்கி நிற்காது. பிழையான மூலக்கூற்றுக்கும் அது மிகச் சரியாகவே கணக்குச் செய்யும்!

எப்படிப்பட்ட பிழைகள் நேர்கின்றன?

புதினாவையும் சதகுப்பையையும் முகர்ந்து பார்த்தவர்களுக்கு இரண்டின் மணமும் வேறு என்பது தெரியும். இங்கே நான் சொல்லும் புதினா, அயல்நாட்டார் ஈட்டிப் புதினா என்று வழங்கும் வகை. அதன் மணத்திற்கு முதன்மைக் காரணம் கார்வோன் என்னும் பொருள். சதகுப்பை வித்தின் மணத்திற்கும் காரணம் அதே கார்வோன்தான்! அணுக்கள் அவையே, பிணைப்புகளும் அவையே. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள். நம் மூக்கு இவற்றைப் பிரித்தறிகின்றது. விரிதாளிலோ இந்த வேறுபாட்டை ஒரு சிறு குறிதான் தாங்கி நிற்கின்றது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பேரேட்டை மாற்றும்போது அக்குறி உதிர்ந்துவிட்டால், புதினாவும் சதகுப்பையும் ஒரே நிரையாகிவிடும். முன்னர்ச் சொன்ன 25 எழுத்துக் குறியில் முதற் பதினான்கு எழுத்தும் ஒத்து, அடுத்தவை மாறுபட்டால், இத்தகைய இரட்டையர் நிற்கின்றனர் என்று அறிந்து நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உப்புப் பற்றியது. குயினைனை நம் முந்திய தலைமுறையினர் நன்கு அறிவர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாவை மறந்தவர் இலர்; 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. குயினைன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 324. ஆனால் போத்தலில் வருவது பெரும்பாலும் குயினைன் சல்பேற்று. அதில் இரண்டு குயினைன் மூலக்கூறுகள் ஒரு சல்பூரிக்கமிலத்தோடு சேர்ந்துள்ளன. நீர் சேராத நிலையிலேயே அதன் நிறை ஏறத்தாழ 747. போத்தலில் உள்ளதை அப்படியே நிரையில் எழுதிவிட்டு, 500க்கு மேற்பட்ட நிறையுடையவற்றைத் தள்ளு என்று கணினிக்குக் கட்டளையிட்டால் என்னவாகும்? எத்தனையோ உயிர்களைக் காத்த குயினைனைக் கணினி குப்பையில் போட்டுவிடும். ஆதலால் உப்பைக் கழற்றி, மருந்தை மட்டும் நிறுத்துவது இந்தப் பேரேட்டுக்காரரின் முதல் வேலைகளுள் ஒன்று.

மூன்றாவது பிழை சற்று வேடிக்கையானது. ஒவ்வொரு இரசாயனப் பொருளுக்கும் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனின் எண் 58-08-2. இதனைச் சாதாரண அலுவலக விரிதாளில் தட்டச்சிட்டால், அது திகதியென்று எண்ணி, 1958ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 2ஆம் நாள் என்று மாற்றி வைப்பதுண்டு. தேநீர் பிறந்தநாள் கொண்டாடுகின்றதோ என்று கேட்கத் தோன்றும். சிரித்துவிட்டுப் போகக்கூடிய காரியமன்று. இதே குணத்தால் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களும் மார்ச்சு, செப்டெம்பர் மாதத் திகதிகளாக மாறி, ஆய்வுக் கட்டுரைகளிலேயே புகுந்துவிட்டன. முடிவில் 2020இல், விரிதாளைத் திருத்த முடியாமல், மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் எங்கோ அருகி நேர்வன அல்ல. புகழ்பெற்ற பல பேரேடுகளை 2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, பிழைபட்ட கட்டமைப்புகள் நூற்றுக்கு 0.1 முதல் 3.4 வரை இருக்கக் கண்டனர். நூற்றுக்கு மூன்று சிறிதாகத் தோன்றலாம். பதினாயிரம் நிரையுள்ள பேரேட்டில் அது முந்நூறு பொய்க்கணக்கு. எந்த முந்நூறு என்பது எவருக்கும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள இடர்.

இனி நமக்கு அண்மையில் உள்ள ஒரு பேரேட்டைப் பார்ப்போம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் இந்திய மருத்துவத் தாவரங்களின் இரசாயனப் பொருள்களுக்கென ஒரு தரவுத்தளத்தை அமைத்து 2018இல் வெளியிட்டனர். இம்பாட் என்பது அதன் சுருக்கப் பெயர். முதற் பதிப்பில் 1742 தாவரங்களும் 9596 பொருள்களும் இடம்பெற்றன. 2023இல் கட்டுரையாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் 4010 ஆகவும், பொருள்கள் 17967 ஆகவும் உயர்ந்தன. தாவரத்தின் எந்த உறுப்பில் எந்தப் பொருள் என்பதும் அதில் பதிவாயிற்று. இத்தனையும் இயந்திரம் தானே திரட்டியதன்று. மருத்துவ நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் மனிதர் உட்கார்ந்து படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றியவை. எவரும் பார்த்துப் பயன்படுத்தத்தக்கதாக அது திறந்து வைக்கப்பட்டது. கணித அறிவியல் நிறுவனம் மூலிகைப் பேரேடு எழுதியதைக் கேட்டு வியப்பவர்கள், இவ்வேலையில் பாதி இரசாயனம், பாதி கணக்கு என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பேரேட்டில் வேம்பின் நிரை ஒன்றைத் திறந்து பார்ப்போம். வேப்பம் வித்தில் அசாடிராக்டின் என்றொரு பொருள் உண்டு. வெட்டுக்கிளி அதனைச் சுவைத்தால் பசித்தும் உண்ணாது. 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மோர்கன் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். 1975இல் நக்கானிசி குழுவினர் அதற்கு ஒரு கட்டமைப்பை முன்மொழிந்தனர். பத்தாண்டுகள் உலகம் அதனையே பயன்படுத்தியது. 1985 அளவில் செருமனியிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள், அக்கட்டமைப்பில் சில பகுதிகள் பிழை என்று காட்டித் திருத்தின. முன்மொழிந்தவர்களைக் குறைகூற இடமில்லை. 35 காபன், 44 ஐதரசன், 16 ஒட்சிசன் கொண்ட பெருஞ்சிக்கல் அது; வலமா இடமா என்று தீர்க்கவேண்டிய மையங்கள் மட்டும் 16. இங்கிலாந்தின் இசுடீவன் லே குழுவினர் அதனை ஆய்வுகூடத்திலேயே முழுமையாகக் கட்டி முடிக்க 22 ஆண்டுகள் உழைத்து, 2007இல்தான் வென்றனர். நான் கேட்க விரும்புவது இதுதான்: 1975க்கும் 1985க்கும் இடையில் அச்சான ஒரு நூலிலிருந்து அந்தக் கட்டமைப்பை எடுத்து இன்றைக்கு ஒருவர் நிரையில் ஏற்றினால், கணினி அதனைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. நூலின் ஆண்டைப் பார்க்கும் மனிதக் கண்தான் கண்டுபிடிக்கும்.

வேம்புக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1997இல் லிப்பின்சுக்கி என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும், வாய்வழியே உட்கொள்ளத்தக்க மருந்துகளின் பொதுவியல்புகளை வகுத்தனர். மூலக்கூற்று நிறை 500க்கு மேற்படாமை, ஐதரசன் பிணைப்பை ஏற்கும் அணுக்கள் பத்துக்கு மேற்படாமை முதலியன அவை. விரிதாளில் இவ்விதியை ஒரு சல்லடையாகப் பயன்படுத்துவது பெருவழக்கு. அசாடிராக்டினின் நிறை ஏறத்தாழ 720. ஒட்சிசன் மட்டுமே 16. சல்லடையில் அது நில்லாது. இயற்கைப் பொருள்கள் பல இவ்விதிக்கு விலக்கு என்று விதியை வகுத்தவர்களே சொல்லியிருக்கின்றனர். ஆனால் சல்லடை போடுபவர் அந்த அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. என் கருத்தில், பிழையான நிரையைவிடச் சிந்தியாமல் இட்ட சல்லடையே கூடுதலான கேட்டைச் செய்கின்றது. பிழையான நிரையை என்றாவது ஒருவர் கண்டு திருத்துவர். சல்லடையில் கழிந்ததை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மன்னாருக்கே உரிய ஒரு நிரையும் உண்டு. சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் படரும் சிறு பூண்டு, வேர்தான் பொருள். படிகாரத்தோடு சேர்த்துத் துணியில் ஏற்றினால் நல்ல சிவப்பு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர் கும்பனியாருக்கு வருவாய் தந்தது. 1697இல் யாழ்ப்பாணத்துக் கொமாந்தர் சுவார்தெக்ரூன் எழுதிவைத்த குறிப்புரையிலும் அது பேசப்படுகின்றது. அந்தச் சிவப்புக்கு முதன்மைக் காரணம் அலிசரின் என்னும் பொருள். 14 காபன், 8 ஐதரசன், 4 ஒட்சிசன், நிறை 240. 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானியர் இருவர் இதன் அடிப்படைக் கூடு எது என்று கண்டறிந்தனர்; அறிந்த உடனேயே நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு அதனைச் செய்யவும் வழி கண்டனர். சில ஆண்டுகளுக்குள் செயற்கை அலிசரின் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டிய கைகளுக்கு வேலை போயிற்று. கட்டமைப்பை அறிதல் என்பது ஏட்டளவில் நிற்கும் கல்வி அன்று என்பதற்கு இந்தக் கரையே சாட்சி.

அலிசரினில் இரண்டு ஒட்சிசன்-ஐதரசன் தொகுதிகள் அடுத்தடுத்த இடங்களில், அதாவது ஒன்றிலும் இரண்டிலும் உள்ளன. அவை ஒன்றிலும் நான்கிலும் இருந்தால் அது குவினிசரின் என்னும் வேறு பொருள். சூத்திரம் ஒன்றே, நிறையும் ஒன்றே. பெயர் நிரலையும் நிறை நிரலையும் மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு மற்றொன்று மாறி உட்கார்ந்திருப்பது தெரியாது. கட்டமைப்பு நிரலைத் திறந்தால்தான் தெரியும்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியுமா என்று சிலர் ஐயுறுவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலை 1875இலேயே தமிழில் வெளியிட்டார். அந்த ஐயத்துக்கு இதைவிட நீண்ட மறுமொழி வேண்டியதில்லை.

கட்டமைப்பைக் கணினி சொல்லும். கரையும் இயல்பையும் கணினி சொல்லும். செடி எது என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? ஈழத்தில் விடத்தல் என்பதைத் தமிழ்நாட்டில் விடத்தேரை என்பர். ஒரே மரம் இரண்டு பெயரால் இரண்டு நிரையாகலாம். இரண்டு மரம் ஒரு பெயரால் ஒரு நிரையாகவும் ஆகலாம். அதனால்தான் தாவரவியற் பெயர் ஒரு நிரல், ஊர்ப்பெயர் இன்னொரு நிரல். இவற்றோடு, எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த மாதத்தில் பறித்தது, எந்த உறுப்பு, எவர் கூறிய கைமுறை என்பனவும் வேண்டும். ஒரே செடி மாரியில் ஒரு விதமாகவும் கோடையில் வேறு விதமாகவும் தன் பொருள்களைச் சமைக்கலாம். பரிகாரியார் "பனி தொடங்குமுன் வேரை எடு" என்று சொன்னால், அது இரசாயனக் குறிப்பு.

இக்குறிப்புகள் நூல்களில் இருந்தால் சென்னையிலோ கொழும்பிலோ இருந்து ஏற்றிவிடலாம். பெரியமடுவைச் சூழ்ந்த பகுதியில் அவை பெரும்பாலும் முதியோர் நினைவிலும் வீட்டு ஏடுகளிலும் இருந்தவை. 1990இல் மன்னார் முசுலிம் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2008இல் போர் மாந்தைப் பகுதியைக் கடந்தபொழுது எஞ்சியோரும் பெயர்ந்தனர். வீட்டை விட்டு ஓடுபவர் கையில் எடுத்துச் செல்வது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும். ஏட்டுக்கட்டை எடுத்துச் செல்பவர் அரியர். மீள்குடியேறியபொழுது காடு இருந்தது. செடியைக் காட்டிச் சொல்ல வேண்டியவர் எல்லோரும் இருக்கவில்லை.

இருப்போரிடம் கேட்டெழுதப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. டேட்டாவாரியர் முதலிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பாடசாலைக் கணினியிலேயே அதில் அலிசரினை வரைந்து, நிறை 240 என்று தானே நிரம்புவதைக் காணலாம். அதனை ஒட்டி, ஊர்ப்பெயர், இடம், மாதம், உறுப்பு, சொன்னவர் கூற்று என ஐந்து நிரல்களை அவரே திறந்து வைக்கலாம். சொன்னவர் பெயரை அவர் இசைவின்றி எழுதலாகாது. அவர் மறைக்க விரும்பும் கைமுறையைத் திறந்த பேரேட்டில் இடவும் கூடாது. முதல் நிரையாகச் சாயவேரை எழுதினால் கட்டமைப்பு, நிறை, கரைதிறன் ஆகிய கலங்களைக் கணினி ஒரு நொடியில் நிரப்பிவிடும். மாதம் என்னும் கலம் மட்டும், ஆவணிக்கும் மாசிக்கும் இடையில் ஒருவர் வந்து சொல்லும்வரை வெறுமையாக நிற்கும்.